கம்பிச் சுருக்கில் சிக்கிய செம்பி: 103 நாள் பராமரிப்பின் முழுப் பதிவு

முதலில் கம்பி என் கண்ணுக்குத் தெரியவில்லை. நாயின் இடது பின்னங்காலில், குதிங்கால் மூட்டுக்கு மேலே, சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே பாதம் இரண்டு மடங்காக வீங்கியிருந்தது. பள்ளத்தின் பின்பக்கம் புழு நெளிந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோன பிறகுதான் சதைக்குள் புதைந்து கிடந்த மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியின் இரண்டு இழைகள் மின்னின.

நான் முப்பத்தோராண்டு அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். புண் எனக்குப் புதிதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இன்றும் என்னை ‘மிஸ்ஸி’ என்றே அழைக்கிறார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை வெட்டும் தம்பி ஒருவர், அன்று மாலை ஆறரை மணிக்கு, உரச்சாக்கில் சுற்றிய நாயோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அந்த நாய் செம்பியின் காலைக் காப்பாற்ற டாக்டரும் நானும் பட்ட கவலை ஏழு வாரத்தில் தீர்ந்தது. கயிற்றைக் கண்டால் அவள் உடல் முழுவதும் உறைந்துபோகும் அந்தப் பயம் மட்டும் நாங்கள் பிரியும் நாள்வரை முழுதாகத் தீரவில்லை. சுருக்கில் சிக்கிய நாயை எடுத்து வளர்க்கப் போகிறவருக்கு இதை யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றுதான் என் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதுகிறேன்.

வந்த இரவு

தோட்டத்து எல்லையில், காட்டுப்பன்றி வரும் தடத்தில் யாரோ சுருக்கு வைத்திருக்கிறார்கள். 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சுருக்கு வைப்பது குற்றம், கையில் வைத்திருப்பதும் குற்றம். ஆனால் கிளட்ச் கம்பி மலிவு, மட்டைக் குவியலுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பதும் அரிது. எலியைத் துரத்தி உள்ளே போகும் தோட்டத்து நாய்கள்தாம் அதில் அதிகம் மாட்டுகின்றன. தம்பி கண்டபோது கம்பியின் மறுமுனை அறுந்து தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவள் முறுக்கி முறுக்கி அறுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். தொங்கிய பகுதியைக் குறட்டால் வெட்டிவிட்டு, சதைக்குள் இருந்ததைத் தொடாமல் கொண்டுவந்தார். அந்தத் தொடாமல் விட்ட அறிவுக்காக நான் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன். புதைந்த கம்பியை வீட்டில் பிடித்து இழுத்தால் தசைநாணும் இரத்தக்குழாயும் சேர்ந்தே அறுந்துவிடும்.

அக்கம்பக்கத்தில் செய்தி பரவியது. ஒருவர் மண்ணெண்ணெய் கொண்டுவந்தார், இன்னொருவர் ரசகற்பூர உருண்டையைப் பொடித்துப் போடச் சொன்னார், மூன்றாமவர் மஞ்சளோடு வந்தார். எல்லாரும் நல்ல மனத்தோடு வந்தவர்கள். நான் எதையும் போடவிடவில்லை. மண்ணெண்ணெய் புழுவைக் கொல்வதோடு நிற்காமல் பிழைக்கக்கூடிய சதையையும் கொல்லும். அரை லிட்டர் கொதித்தாறிய தண்ணீரில் முக்கால் தேக்கரண்டி உப்புக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பீய்ச்சிக் கழுவினேன். கைக்கு எட்டிய புழுக்களை இடுக்கியால் எடுத்தேன். மேலே ஈரமான காஸ் துணியைத் தளர்வாக மூடினேன். அன்றிரவு செய்தது அவ்வளவுதான்.

அவள் வலியில் முனகியபோது என் கை பழக்கத்தில் மாத்திரை டப்பாவைத் திறந்துவிட்டது. பாராசிட்டமோலை என் கண்ணால் பார்த்த அந்த நொடியில்தான் நிதானம் வந்தது. நமக்கு உதவும் வலி மாத்திரைகள் பல நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். டப்பாவை மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

கழுவும்போது அவள் என் மணிக்கட்டைக் கடித்தாள். வாயைத் துணியால் கட்டாமல் தொடங்கியது என் அவசரம், அவள்மீது தவறில்லை. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவினேன். மறுநாள் கிளினிக்கில் காட்டி, தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அவளைப் பத்து நாள் கண்காணிப்பில் வைக்கச் சொன்னார்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை நான் பணியில் இருந்த காலத்திலேயே பார்த்தவள். நம் ஊர் நாய்தானே என்று அலட்சியமாக விட எனக்கு மனம் வரவில்லை.

ஈப்போவில் எடுத்த முடிவு

மறுநாள் காலை முப்பது கிலோமீட்டர் தள்ளி ஈப்போ நகரில் உள்ள கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். பெண் நாய், பல்லைப் பார்த்தால் சுமார் இரண்டு வயது. எடை 9.4 கிலோ. அவள் உடல்வாகுக்குப் பதின்மூன்று கிலோவாவது இருந்திருக்க வேண்டும். விலா எலும்பை எண்ணலாம், ஈறு வெளுத்திருந்தது. மயக்க மருந்து கொடுத்து டாக்டர் கம்பியை மூன்று துண்டாக வெட்டி எடுத்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கம்பி உரசிய இடத்தில் எலும்பின் மேற்பரப்பு சொரசொரப்பாகியிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. குதிங்காலின் தடித்த தசைநாண் ஓரத்தில் பிய்ந்திருந்தது, முழுதாக அறவில்லை.

இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 22 விழுக்காடு. நாய்க்கு இது 37க்குக் குறையக் கூடாது. இரத்தத் தட்டணுக்களும் குறைவு. தோட்டத்து நாய் என்றதும் டாக்டர் முதலில் சந்தேகப்பட்டது எலி மருந்தை. செம்பனைத் தோட்டங்களில் வைக்கும் எலிப்பாஷாணத்தில் பல, இரத்தம் உறையும் திறனைக் கெடுப்பவை. அதைத் தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. அதனால் உறைதலைத் தனியே சோதித்தார், அது சரியாக இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனைதான் நோயைக் காட்டிக்கொடுத்தது. எர்லிக்கியா என்னும் கிருமி, பழுப்பு நாய் உண்ணி கடித்து வருவது. டாக்சிசைக்ளின் 28 நாள். கொசுவால் பரவும் இதயப்புழு இல்லை என்று வந்தது. அன்றைய ஒரே நல்ல செய்தி அதுதான்.

பிறகு கால். “எடுத்துவிட்டால் மூன்று வாரத்தில் ஓடுவாள். மூன்று காலோடு நாய்கள் நன்றாக வாழ்கின்றன, அதைக் கொடுமை என்று நினைக்காதீர்கள்” என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும். காலைக் காப்பாற்றுவதுதான் கருணை என்று பிடிவாதம் பிடித்து, செத்த பாதத்தை வாரக்கணக்கில் சுமக்க வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சூடு இருந்தது. நடுவிரலைக் கிள்ளினார். அரை மயக்கத்திலும் செம்பி தலையைத் திருப்பிப் பார்த்தாள். “உணர்வு இருக்கிறது. ஐந்து நாள் கொடுப்போம். விரல் குளிர்ந்தாலோ கறுத்தாலோ அன்றே எடுத்துவிடுவேன், சரியா மிஸ்ஸி?” சரி என்றேன். இரண்டு இரவு டிரிப்பில் இருந்துவிட்டு நான்காம் நாள் வீடு வந்தாள்.

செம்பு நிறம் என்பதால் செம்பி. பெயர் வைத்தவன் பக்கத்து வீட்டுச் சிறுவன், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிப்பவன். அவன் இந்தக் கதைக்குள் மறுபடியும் வருவான்.

உணவு

பட்டினி கிடந்த உடம்புக்கு வயிறார ஊட்டுவது நம் பாசத்தின் முதல் வேலை, அதுவே முதல் ஆபத்தும்கூட. ஓய்வில் இருக்கும் 9.4 கிலோ நாய்க்கு நாளுக்கு ஏறக்குறைய 375 கலோரி போதும் என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். முதல் நாள் அதில் மூன்றில் ஒரு பங்கு, ஆறு வேளையாகப் பிரித்து. நான்கு நாளில் படிப்படியாக முழு அளவு. குழைந்த சோறு, அவித்த கோழி, கொஞ்சம் ஈரல். அண்டை வீட்டார் அன்போடு கொண்டுவந்த குழம்புச் சோற்றை நான் வாங்கிக்கொண்டு, அவளுக்கு வைக்காமல் இருந்தேன். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். ஏற்கெனவே 22இல் இருப்பவளுக்கு அதைக் கொடுத்தால் நானே குழி தோண்டியதாகும்.

எதிர்வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார முஸ்லிம் அம்மா, நாயைத் தொடுவதில்லை. ஈரமான நாய் பட்டால் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. அவர் வாரந்தோறும் இரவுச் சந்தையிலிருந்து கோழி ஈரல் வாங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி என் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். நான் அவர் வீட்டுப் பக்கம் போகும்போது உடை மாற்றிக்கொண்டு போனேன். பதினான்கு வாரமும் இப்படியே நடந்தது, இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

நான் கட்டிய இரண்டாவது சுருக்கு

ஐந்து நாள் கெடு நல்லபடியாகக் கடந்தது. பாதத்தில் சூடு நிலைத்தது, வீக்கம் வடியத் தொடங்கியது. அந்த நிம்மதியில்தான் தவறு செய்தேன்.

எட்டாம் நாள் இரவு மழை. கொல்லையில் போய்வந்ததில் கட்டு நனைந்துவிட்டது. நனைந்த கட்டைக் காலைவரை விடக் கூடாது என்பது சரிதான். நானே பிரித்து, தேன் தடவிய காஸ் வைத்து, புதுக்கட்டுப் போட்டேன். மனிதக் கால்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுப் போட்ட கை. நழுவக் கூடாதே என்று ஒரு சுற்று அழுத்தி இழுத்தேன். விடியற்காலை நான்கு மணிக்குச் செம்பி கட்டைக் கடிக்கத் தொடங்கினாள். அரிப்பு என்று நினைத்துத் தட்டிக்கொடுத்தேன். ஏழு மணிக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கட்டின் நுனியில் தெரிந்த நடுவிரல்கள் இரண்டும் வீங்கி, நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி நின்றன. அவளுக்கு நானே இன்னொரு சுருக்கு மாட்டியிருந்தேன், அதே காலில், அதே இடத்தில்.

கத்தரித்து எறிந்தேன். அரை மணி நேரத்தில் விரல்கள் ஒடுங்கின, நல்ல வேளை. டாக்டர் திட்டவில்லை. நாயின் கால் கீழே போகப் போக மெலிவது, அதனால் கட்டு நழுவும் என்ற பயத்தில் எல்லாரும் இறுக்குகிறார்கள் என்றார். பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்ற வேண்டும், பஞ்சு தாராளமாக இருக்க வேண்டும், நடுவிரல் நகம் இரண்டும் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். நாளுக்கு மூன்று முறை அந்த நகங்களைப் பார்க்க வேண்டும். சேர்ந்திருந்தால் நலம், விரிந்தால் உடனே பிரி. நாய் திடீரென்று கட்டைக் கடித்தால் அதுவும் ஒரு செய்தி. அன்றிலிருந்து அடுத்த நான்கு வாரம், நகத்தைப் பார்த்த நேரத்தை நோட்டில் குறித்தேன். மழைக்குக் காலியான டிரிப் பையை வெட்டி உறையாக மாட்டி, உள்ளே வந்ததும் கழற்றினோம். கழற்றாவிட்டால் வியர்த்து அழுகும்.

முதல் பத்து நாள் தினமும் கட்டு மாற்றினேன். சிவந்த புதுச் சதை பள்ளத்தை நிரப்பத் தொடங்கியதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிறகு மூன்று. 47ஆம் நாள் புண் மூடியது. மருந்து முடிந்த 30ஆம் நாள் சிவப்பணு 34, 60ஆம் நாள் 41.

நடை

வலியின்போது காலைத் தூக்கிப் பழகிய நாய், வலி போன பிறகும் தூக்கிக்கொண்டே போகும். வேகமாகப் போனால் மூன்று காலே வசதி. மெல்ல நடந்தால்தான் நான்காவது கால் தரையைத் தேடும். இதைப் புரிந்துகொண்டதும் பாதி வேலை முடிந்தது.

பன்னிரண்டாம் நாளிலிருந்து வெதுவெதுப்பான துணி ஒத்தடம் பத்து நிமிடம், பிறகு மூட்டை மெல்ல மடக்கி நீட்டுவது பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. வலி என்று தலையைத் திருப்பினால் அங்கேயே நிறுத்துவேன். வீட்டுத் தரை வழுவழுத்த ஓடு, வழுக்கும் பயத்தில் அவள் காலை ஊன்றவே மாட்டாள். கூடத்திலிருந்து கொல்லைவரை கோணிச்சாக்கு விரித்தோம். மூன்றாம் வாரத்திலிருந்து கொல்லைப் புல்லில் ஐந்து நிமிட நடை, சோற்றுக் கிண்ணத்தை முன்னே காட்டி, ஆமை வேகத்தில். பிறகு மூங்கில் கழிகளைச் செங்கல்மேல் அரையடி இடைவெளியில் கிடத்தி, தாண்டித் தாண்டி நடக்க வைத்தோம். காலைத் தூக்கி வைக்க வேண்டுமென்றால் அதை எங்கே வைக்கிறோம் என்று அவள் யோசித்தாக வேண்டும்.

நோட்டில் 38ஆம் நாள், காலை 7.20: ‘நான்கு காலும் தரையில். ஆறு எட்டு.’ இந்த வரிக்குக் கீழே மை கலைந்திருக்கிறது.

கயிறு

கழுத்தில் கூம்பு மாட்டிய முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, புண்ணை நக்காமலிருக்க அந்தப் பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் பூட்டினோம். செம்பி குரைக்கவில்லை, திமிறவில்லை. பூட்டிய இடத்திலேயே நின்றாள். இரண்டு மணி நேரம் நின்றாள். ‘சாது, ஒத்துழைக்கிறாள்’ என்று எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும்போது இன்றும் நெஞ்சு வலிக்கிறது. சுருக்கில் மாட்டிய மிருகம் இழுத்தால் இறுகும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. அசையாமல் நிற்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே தப்பிக்கும் வழி. அடக்கத்தையும் பயத்தையும் நான் ஒன்றாகப் பார்த்துவிட்டேன்.

கூம்பைக் கழற்றிவிட்டு, முறை வைத்து இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்தோம், நானும் என் கணவரும் அந்தச் சிறுவனும். பள்ளி விட்டு வந்ததும் அவன் செம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை உரக்க வாசிப்பான். முதுகைக் காட்டச் சொன்னது நான்தான். நேருக்கு நேர் பார்ப்பது அவளுக்கு மிரட்டல். ஒரு வாரத்தில் அவள் மூக்கு அவன் சட்டையைத் தொட்டது.

பதினைந்தாம் நாள் ஒரு துணிக்கயிற்றைச் சோற்றுக் கிண்ணத்திலிருந்து ஆறடி தள்ளித் தரையில் போட்டேன். அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் பத்தடி தள்ளிப் போட்டேன், சாப்பிட்டாள். அப்படியே நாளுக்கு ஒரு சாண் நெருக்கினேன். பயந்தால் முந்தின நாள் இடத்துக்குத் திரும்பிப் போகும் கயிறு. கிண்ணத்தைக் கயிற்றின்மேல் வைத்துச் சாப்பிட ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. பிறகு கையில் கயிறு, மறு கையில் ஈரல். பிறகு முதுகில் ஒரு நொடி. கூம்பையும் அப்படியே உள்ளே ஈரல் வைத்துப் பழக்கினோம், விளிம்பில் மென்துணி தைத்து. கழுத்துப் பட்டை வேண்டாம் என்று முடிவு செய்தேன். மார்பையும் முதுகையும் சுற்றும் அகலப் பட்டை வாங்கினோம். அதன் கொக்கி பூட்டும் ‘டக்’ சத்தத்துக்கே நடுங்கினாள். அந்தச் சத்தத்தைத் தனியாகப் பழக்க ஒரு வாரம். 52ஆம் நாள் பட்டை முழுதாக ஏறியது.

61ஆம் நாள் தீபாவளி. முந்தைய இரவே வாணவேடிக்கை தொடங்கிவிட்டது. கதவு சன்னலை அடைத்து, மின்விசிறியை வேகமாக வைத்து, குளியலறையில் அவளோடு உட்கார்ந்திருந்தேன். வெடிச்சத்தத்தில் தப்பி ஓடிக் காணாமல்போகும் நாய்கள் ஏராளம், அதனால் கேட்டுக்கும் பூட்டுப் போட்டிருந்தோம். பண்டிகைக்குப் பின் பட்டையைக் காட்டினால் கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மறுபடியும் தரையிலிருந்து தொடக்கம். இந்த முறை ஒன்பது நாளே ஆனது. 74ஆம் நாள் பட்டையும் கயிறுமாகக் கேட்டைத் தாண்டினாள். தளர்ந்த கயிறு. அது ஒருமுறைகூட இறுகக் கூடாது என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

ஒப்படைத்தது

புண் ஆறியதும் “எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்களேன் மிஸ்ஸி” என்று சொன்னவர்கள் உண்டு. எடுத்த இடத்தில் கம்பி இருக்கிறது. தவிர, 2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் பொறுப்பேற்ற மிருகத்தைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அபராதம் 20,000 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 100,000 வரை, மூன்றாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். 84ஆம் நாள் கருத்தடை செய்தோம், தட்டணுக்கள் சரியான நிலைக்கு வந்த பிறகு. தடுப்பூசிகளும் போட்டாகிவிட்டது. எலிச் சிறுநீரால் பரவும் நோய்க்கானதையும் கேட்டுப் போடச் சொன்னேன், தோட்டப் பக்கத்தில் அது மிக முக்கியம்.

மொத்தச் செலவு 2,140 வெள்ளி. அதில் பாதிக்குமேல் முதல் வாரத்தில் போனது. குலை வெட்டும் தம்பி இரண்டு சம்பள நாளில் ஐம்பது ஐம்பதாகக் கொடுத்தார். வேண்டாம் என்றால் அவர் மனம் வருந்தும் என்று தெரிந்ததால் வாங்கிக்கொண்டேன்.

லிந்தாங் பக்கம் தனியே வசிக்கும் ஓர் அம்மா கேட்டு வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி ஓய்ந்தவர், அறுபத்தெட்டு வயது. நான்கு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வந்து செம்பியோடு சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார். இடது கால் இன்னும் மழை நாளில் விறைக்கும், தழும்பில் முடி முளைக்காது என்று சொன்னேன். பட்டை மாட்டினால் வருவாள். ஆனால் தூணிலோ மரத்திலோ கட்டினால், ஒரு நிமிடமானாலும், அன்று போல் கல்லாகி நிற்பாள். அது மாறவில்லை. கட்டிப்போடக் கூடாது என்பது மட்டும்தான் நான் கேட்ட உறுதி.

103ஆம் நாள், 13.1 கிலோ எடையோடு அவளைக் கொண்டுபோய் விட்டோம். அந்த அம்மா கேட்டருகே காத்திருந்தார். கொல்லைக்குப் போகும் வழியில் இரண்டு கம்பங்கள் வெறுமையாக நின்றன. முந்தைய வாரம் பார்த்தபோது அவற்றுக்கிடையே துணி காயும் கொடி கட்டியிருந்தது, ஒரு முனை வளையமாகத் தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஈரத்துணிகள் வேலிமேல் காய்ந்துகொண்டிருந்தன.